சாம்பியன் தோற்றால் ஒரு நீதி, மூன்றாம் இடத்துக்கு வேறு நீதியா? யூஎஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கிளப் போட்டிகள் குழு, யூஎஃபா (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம்),
நியோன், சுவிட்சர்லாந்து.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 2024இல் தொடங்கிய மூன்றாண்டுச் சுழற்சி 2027 கோடையோடு முடிகிறது. அடுத்த சுழற்சிக்கான விதிநூல் உங்கள் மேசைக்கு வரும்போது இந்த மடலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம். சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுகளை ஜூலை மாதத்து முதல் ஆட்டத்திலிருந்தே வரிவிடாமல் பார்க்கிறவர்கள் நாங்கள். போட்டியையே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு பெரிய திருத்தமும் அதையொட்டிச் சில சின்னத் திருத்தங்களும்தான் கேட்கிறோம். பெரியதுகூட எண்ணிக்கையில் எதையும் கலைக்காது. அதைக் கணக்குப் போட்டே கீழே காட்டியிருக்கிறோம்.

முதலில் நிலவரம். உங்கள் ஒன்றியத்தில் 55 நாட்டுச் சங்கங்கள். லீக்டன்ஸ்டைனுக்குத் தனி லீக் இல்லை, ரஷ்யக் கிளப்புகள் 2022 பிப்ரவரியிலிருந்து தடையில் இருக்கின்றன. மீதி 53 சாம்பியன்கள். 2025–26 பருவத்தில் முதல் பத்து நாடுகளின் சாம்பியன்கள் நேராக, முதன்மைப் போட்டியின் தொடக்கமான லீக் கட்டத்துக்குப் போனார்கள். நடப்புக் கோப்பையர் பாரி செயின்ட் ஜெர்மன் தன் நாட்டு லீக் வழியாகவே உள்ளே வந்துவிட்டதால், அந்தக் கூடுதல் இருக்கை தகுதிச்சுற்றுச் சாம்பியன்களில் அதிகத் தரவரிசைப் புள்ளி (முந்தைய ஐரோப்பியப் போட்டிகளில் சேர்த்தது) வைத்திருந்த ஒலிம்பியாகோஸுக்குக் கிடைத்தது. மிச்சம் 42 சாம்பியன்கள், அவர்களுக்கு 5 இருக்கை. இவர்கள் ஏறும் வழிதான் சாம்பியன்கள் பாதை. முதல் சுற்றில் 28 அணிகள், ஒவ்வொரு மோதலும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு ஆட்டம். அதில் வென்ற 14 பேரோடு புதிதாக 10 பேர் சேர்ந்து இரண்டாம் சுற்றில் 24. மூன்றாம் சுற்றில் 12. கடைசித் தகுதிச்சுற்றான பிளே-ஆஃபில், வென்ற 6 பேரும் அங்கேதான் நுழையும் 4 பேரும். அதற்கு இணையாக ஓடுவது லீக் பாதை. தங்கள் லீக்கில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வந்தவர்களுக்கான பாதை அது. அதில் மொத்தமே 11 அணிகள், 2 இருக்கை.

இந்த இரண்டு பாதைகளையும் நீங்கள் பிரித்தது 2009–10 பருவத்தில். அதற்கு முன் சின்ன நாட்டுச் சாம்பியன் கடைசிப் படி வரை ஏறிவந்து, இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ நான்காவது வந்த அணியிடம் சிக்கிக்கொள்ளும். பிரித்தது சரியான முடிவு. 2012இல் சைப்ரஸின் அபோயெல் காலிறுதி வரை போனதும், 2021இல் ஷெரிஃப் திராஸ்போல் முதல் சுற்றிலிருந்து ஏறிவந்து செப்டம்பர் 28 அன்று மாட்ரிட்டிலேயே ரியல் மாட்ரிட்டை 2–1 என்று வீழ்த்தியதும் அந்தப் பாதையில் வந்தவைதான். பாதையைப் பிரித்த நீங்கள், தோற்றவர்களுக்கான வலையைப் பிரித்த விதத்தில்தான் எங்கள் வழக்கு.

மூன்றாம் சுற்றை எடுத்துக்கொள்வோம். லீக் பாதையில் மூன்றாம் சுற்றில் தோற்கும் 4 அணிகள் நேரே, இரண்டாம் தரப் போட்டியான யூரோப்பா லீக்கின் லீக் கட்டத்துக்குப் போகின்றன. இன்னொரு ஆட்டம் ஆட வேண்டியதில்லை. எட்டு ஆட்டம் உறுதி. சாம்பியன்கள் பாதையில் அதே மூன்றாம் சுற்றில், அதே வாரம் தோற்கும் 6 அணிகளோ யூரோப்பா லீக் பிளே-ஆஃபில் இன்னும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதிலும் தோற்றால் மூன்றாம் தரப் போட்டியான கான்பரன்ஸ் லீக். அதாவது, நாட்டில் முதலாவது வந்தவர் ஒரு படி கீழே விழுகிறார். இரண்டாவது மூன்றாவது வந்தவர் விழாமல் நிற்கிறார்.

2025 ஆகஸ்டில் இது எப்படி நடந்தது என்று பெயரோடு பார்க்கலாம். லீக் பாதையில் நீஸ், ஃபெயனோர்ட், சால்ஸ்பர்க், விக்டோரியா பிளசன் தோற்றன. நான்கும் யூரோப்பா லீக்கில் உட்கார்ந்தன. சாம்பியன்கள் பாதையில் லுடோகொரெட்ஸ், மால்மோ, லெக் போஸ்னான், ஷ்கெண்டியா, ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, டைனமோ கீவ் தோற்றன. ஆறு நாடுகளின் சாம்பியன்கள். ஆறில் மேலே தங்கியது லுடோகொரெட்ஸும் மால்மோவும் மட்டும். அந்த லுடோகொரெட்ஸும் மேலே தங்கியது இன்னொரு சாம்பியனான ஷ்கெண்டியாவை வெளியே தள்ளித்தான். போலந்துச் சாம்பியனும் உக்ரைன் சாம்பியனும் ஸ்லோவாக்கியச் சாம்பியனும் கான்பரன்ஸ் லீக்குக்கு இறங்கினார்கள்.

இறங்குவதன் விலை என்ன? யூரோப்பா லீக்கில் கால் வைத்தாலே 43.1 லட்சம் யூரோ, கான்பரன்ஸ் லீக்கில் 31.7 லட்சம். வித்தியாசம் 11.4 லட்சம். ஒரு வெற்றிக்கு அங்கே நாலரை லட்சம், இங்கே நான்கு லட்சம். அங்கே எட்டு ஆட்டம், இங்கே ஆறு. எனவே சொந்த மைதானத்தில் ஒரு நாள் டிக்கெட் வசூலும் போகிறது. பெரிய லீக்கில் ஆடும் கிளப்புக்கு இது ஒரு மாற்று ஆட்டக்காரரின் ஆண்டுச் சம்பளமாக இருக்கலாம். வடக்கு மாசிடோனியாவில் ஆடும் கிளப்புக்கு இது அந்த வருட வரவு செலவையே தீர்மானிக்கிற தொகை.

இனி நாங்கள் கேட்கும் மாற்றம். யூரோப்பா லீக் கட்டத்தின் 36 இடங்கள் இப்போது இப்படி நிரம்புகின்றன: நேரடியாக 13, சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃபில் தோற்றவர்கள் 7, லீக் பாதை மூன்றாம் சுற்றில் தோற்றவர்கள் 4, யூரோப்பா பிளே-ஆஃபில் வென்றவர்கள் 12. இரண்டு பாதைகளிலும் சேர்த்து மூன்றாம் சுற்றில் தோற்பவர்கள் 10 பேர். அவர்களுக்கு உள்ள நேரடி இருக்கை 4. மீதி 6 பேர் பிளே-ஆஃப் ஆடுகிறார்கள். இந்த நான்கையும் ஆறையும் அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு இருக்கையை முதலில் சாம்பியன்களுக்குக் கொடுங்கள். மீதி இரண்டு சாம்பியன்களும் லீக் பாதையில் தோற்ற நால்வரும் பிளே-ஆஃப் ஆடட்டும். பிளே-ஆஃபில் அதே 24 அணி, அதே 12 மோதல். தோற்கும் அதே 12 பேர் கான்பரன்ஸ் லீக்குக்குப் போவார்கள். எங்கும் ஓர் அணி கூடாது, ஓர் அணி குறையாது. யாரும் ஐரோப்பாவை விட்டு வெளியேறவும் மாட்டார்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. யூரோப்பா பிளே-ஆஃப் குலுக்கல், மூன்றாம் சுற்று முடிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 2025இல் குலுக்கல் ஆகஸ்ட் 4 அன்று. மூன்றாம் சுற்றின் இரண்டாம் ஆட்டங்கள் ஆகஸ்ட் 12 அன்று. எந்த ஆறு சாம்பியன்கள் தோற்பார்கள் என்று தெரியாத நாளில் எந்த நால்வருக்கு இருக்கை என்று எப்படி எழுதுவது? விடை உங்கள் விதிநூலிலேயே இருக்கிறது. முடிவு தெரியாத மோதலைக் குலுக்கலில் போடும்போது, இரண்டு அணிகளில் எதற்குப் புள்ளி அதிகமோ அந்தப் புள்ளியைத்தான் மோதலுக்குக் கொடுத்து, விதைத்த அணிகள் (புள்ளி அதிகமுள்ளவை), விதைக்காத அணிகள் (குறைவானவை) என்று பிரிக்கிறீர்கள். அதே முறையில் ஆறு மோதல்களையும் வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள நான்கு மோதல்களில் தோற்பவர் எவரோ அவருக்கு நேரடி இருக்கை. இருக்கையை அணியின் பெயரில் எழுதாமல் மோதலின் எண்ணில் எழுதினால் ஆகஸ்ட் 4 அன்றே எல்லாம் தீர்ந்துவிடும்.

நேரடி இருக்கை உண்டென்றால் சாம்பியன்கள் மூன்றாம் சுற்றில் மெத்தனமாக ஆடுவார்களே என்று சொல்லக்கூடும். மாட்டார்கள். வென்றால் அடுத்தது சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப். அங்கே தோற்றாலும் யூரோப்பா லீக் உறுதி, கூடவே பிளே-ஆஃபில் தோற்றவர்களுக்கான 42.9 லட்சம் யூரோவும் உண்டு. வென்றால் லீக் கட்டத்துக்கான 1 கோடியே 86.2 லட்சம். இவ்வளவு மேலே இருக்கும்போது யாரும் கீழே பார்த்து ஆட மாட்டார்கள். லீக் பாதையில் இத்தனை நாளும் அப்படி யாரும் ஆடவில்லையே.

அடுத்தது விசா. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

2025 தகுதிச்சுற்றுகள் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 27 வரை. முதல் சுற்றில் நுழைந்து பிளே-ஆஃப் வரை போகும் அணிக்கு எட்டு வாரத்தில் எட்டு ஆட்டம், இடையில் ஒரு வாரம்கூட ஓய்வில்லை. ஒரு சுற்றின் இரண்டாம் ஆட்டம் செவ்வாயோ புதனோ முடியும். அடுத்த எதிரணி யார் என்று அன்று இரவுதான் உறுதியாகும். அடுத்த செவ்வாயோ புதனோ அவர்கள் ஊரில் நிற்க வேண்டும். கையில் இருப்பது ஐந்தாறு நாள். ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பத்தைப் பரிசீலிக்க விதிப்படி எடுத்துக்கொள்ளக்கூடிய காலமோ 15 நாள்.

கஜகஸ்தானின் கைராத் அல்மாட்டி அந்தக் கோடையில் போன வழியைப் பாருங்கள். லுப்லியானா, குவோப்பியோ, பிராட்டிஸ்லாவா, கிளாஸ்கோ. மூன்று ஷெங்கன் நாடு, ஒரு பிரிட்டன். கஜகஸ்தான் கடவுச்சீட்டுக்கு நான்கு இடத்திலும் விசா வேண்டும். ஆர்மீனிய, அஜர்பைஜான் அணிகளுக்கும் இதே கதைதான். விசா தேவைப்படாத நாட்டுக் கிளப்பிலும் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் வைத்திருக்கும் வசிப்பு அனுமதி பிரிட்டனில் செல்லாது. ஆகவே பட்டியலில் 25 பேர் இருந்தும் விமானத்தில் 20 பேர் ஏறுகிற நிலை வரக்கூடும். எந்த ஐவர் ஏறவில்லை என்பதைத் தூதரகக் கவுண்டர் தீர்மானிக்கிறது, பயிற்சியாளர் அல்ல.

இடையில் ஒரு வாரம் சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இடமில்லை என்று தெரியும். மே கடைசியில் இறுதிப்போட்டி, ஜூனில் நாட்டு அணிகளின் ஆட்டங்கள், ஜூன் 30இல் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் முடிகின்றன. ஜூலை 8க்கு முன்னால் நகர வழியில்லை. கேட்பது இதுதான்: அழைப்புக் கடிதத்தை வெற்றிக்குப் பிறகு அனுப்பாமல், குலுக்கல் நடந்த அன்றே, எதிரணியாக வரக்கூடிய இரண்டு கிளப்புகளுக்கும் அனுப்புவதை ஊர்க்கார அணியின் கடமையாக்குங்கள். 2025இல் மூன்றாம் சுற்றுக்குக் குலுக்கல் ஜூலை 21, முதல் ஆட்டம் ஆகஸ்ட் 5. பிளே-ஆஃபுக்குக் குலுக்கல் ஆகஸ்ட் 4, முதல் ஆட்டம் ஆகஸ்ட் 19. இரண்டிலும் சரியாகப் பதினைந்து நாள். கடிதம் ஒரு நாள் தாமதமானாலும் கணக்கு உடைகிறது. எதிரணியாக வராமல் போன கிளப்பின் விண்ணப்பக் கட்டணம் வீண்தான். ஆனால் தனி விமானத்தின் வாடகைக்கு முன் அது ஒன்றுமே இல்லை. அதோடு மே மாதத்திலேயே, லீக் பட்டம் உறுதியான வாரத்தில், பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு சுற்றறிக்கை. அதில் உங்கள் முத்திரை இருந்தால் தூதரகத்தில் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

கைராத் எப்படியோ எல்லாத் தடையையும் தாண்டியது. கிளாஸ்கோவின் செல்டிக்குக்கு எதிராக இரண்டு ஆட்டமும் கூடுதல் நேரமும் சேர்த்து 210 நிமிடம், ஒரு கோல் இல்லை. பெனால்டியில் 21 வயது கோல்கீப்பர் தெமிர்லான் அனார்பெகோவ் மூன்றைத் தடுத்தார், 3–2. இந்தப் போட்டியில் இதைவிட நல்ல காட்சி மே மாதத்து இறுதிப்போட்டியில்கூட அடிக்கடி வருவதில்லை என்பது எங்கள் எண்ணம். கையுறையோடு அவர் அங்கே நின்றதற்குப் பின்னால், நேரத்துக்குக் கிடைத்த விசாக்களும் இருக்கின்றன.

மூன்றாவது, ஆட்டத்தடைக் கணக்கு. இங்கே 2014ஐ நினைவுபடுத்தியாக வேண்டும். மூன்றாம் சுற்றில் போலந்தின் லெகியா வார்சாவா சொந்த ஊரில் செல்டிக்கை 4–1 என்று வென்றது. எடின்பரோவில் நடந்த இரண்டாம் ஆட்டத்திலும் 2–0. மொத்தம் 6–1. அந்த இரண்டாம் ஆட்டம் முடியும் தறுவாயில் தடுப்பாட்டக்காரர் பார்தோஷ் பெரெஷின்ஸ்கியை மாற்று வீரராக இறக்கினார்கள். முந்தைய பருவத்து யூரோப்பா லீக்கில் சிவப்பு அட்டை வாங்கிய அவருக்கு மூன்று ஆட்டத் தடை இருந்தது. இரண்டாம் சுற்றில் செயின்ட் பேட்ரிக்ஸுக்கு எதிரான இரண்டு ஆட்டம், செல்டிக்குக்கு எதிரான முதல் ஆட்டம். மூன்று முடிந்தது என்று கிளப் கணக்கிட்டது. ஆனால் இரண்டாம் சுற்றுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை. எப்படியும் ஆட முடியாதவரை எதற்குப் பட்டியலில் போடுவது என்று விட்டிருக்கிறார்கள். விதியோ, பட்டியலில் இருப்பவருக்குத்தான் தடை கழியும் என்கிறது. கழிந்தது மூன்று அல்ல, ஒன்று.

நீங்கள் இரண்டாம் ஆட்டத்தை 3–0 என்று செல்டிக்குக்குக் கொடுத்தீர்கள். மொத்தம் 4–4, அப்போதிருந்த வெளியூர்க் கோல் விதியில் (மொத்தம் சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி) செல்டிக் மேலே போனது. விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் லெகியாவின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. வார்சாவாவில் நடந்த முதல் ஆட்டத்தில் லெகியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டிருந்தது. அதில் ஒன்று உள்ளே போயிருந்தால்கூட மொத்தம் 5–4 ஆகி, இந்தத் தண்டனைக்குப் பிறகும் அவர்களே மேலே போயிருப்பார்கள்.

விதி எழுதியபடிதான் இருந்தது, தீர்ப்பும் விதிப்படிதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தகுதிச்சுற்றில் இந்தப் பிழை வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியல் மாறுகிறது, வாரத்துக்கு ஓர் ஆட்டம், சின்னக் கிளப்பில் பதிவுவேலை, பயண ஏற்பாடு, தங்குமிடம் மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பார். பட்டியலும் உங்கள் கணினியில்தான் ஏறுகிறது, தடைப் பதிவும் உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, மீதித் தடை உள்ளவரின் பெயரை ஆட்டத்தாளில் ஏற்றினால் ஏற்காதபடி பூட்டிவிடுங்கள். பட்டியல் தாக்கல் செய்யும்போதே, தடையில் இருப்பவர் விடுபட்டிருந்தால் ‘இவருக்கு இந்தச் சுற்றில் தடை கழியாது’ என்று ஒரு வரி எச்சரிக்கை வரட்டும். பொறுப்பு கிளப்பிடமே இருக்கட்டும். 180 நிமிடம் ஓடி ஜெயித்ததை ஒரு விடுபட்ட பெயர் அழிக்காமல் இருந்தால் போதும்.

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிளே-ஆஃபிலிருந்து, உங்கள் வகைப்பாட்டில் உச்சமான நான்காம் வகை மைதானம் வேண்டும், குறைந்தது 8,000 இருக்கை. பாதுகாப்புக்கும் ஒளிபரப்புக்கும் அது தேவைதான். ஆனால் சொந்த ஊரை விட்டு வேறு ஊரில் ஆட நேரும்போது வாடகை, போக்குவரத்து எல்லாம் கிளப்பின் தலையில் விழுகிறது. சைப்ரஸ் சாம்பியன் பாஃபோஸ் தன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை லிமசோலில் ஆடியது. இந்தச் செலவுக்கென்று ஒரு தனித் தொகை ஒதுக்குங்கள். போர் காரணமாக 2022 முதல் தன் ‘சொந்த’ ஆட்டங்களை அயல்நாட்டில் ஆடிவரும் உக்ரைன் கிளப்புகளுக்கு அதில் முதல் பங்கு.

புள்ளிக் கணக்கும் அப்படித்தான். தகுதிச்சுற்றில் வென்றால் நாட்டின் கணக்கில் 1, டிராவுக்கு அரை. கிளப்பின் சொந்தக் கணக்கில் அந்த வெற்றிகளுக்கு ஏதும் ஏறுவதில்லை. மூன்று நாட்டுச் சாம்பியன்களைத் தோற்கடித்த அணி, அடுத்த ஜூலையில் கிட்டத்தட்ட பழைய புள்ளியோடு, விதைக்காத அணிகள் பக்கமே திரும்ப நிற்கிறது. லீக் கட்டத்து வெற்றிக்கு 2 தருகிறீர்கள். தகுதிச்சுற்று வெற்றிக்கு அதில் கால்பங்கு, அரைப் புள்ளியாவது கிளப்பின் கணக்கில் ஏற்றுங்கள்.

குலுக்கலை முன்கூட்டியே நடத்துவதையும், வென்ற சின்ன அணி தோற்ற பெரிய அணியின் இடத்தைக் குலுக்கலில் வாங்கிக்கொள்வதையும் மாற்றிவிட வேண்டாம். 2023இல் ஃபெரென்ஸ்வாரோஷை புடாபெஸ்டில் 3–0 என்று வென்ற பரோயே தீவுகளின் கே.ஐ. கிளாக்ஸ்விக் போன்ற அணிக்கு அந்த ஏற்பாடு நியாயமானது. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊரின் கிளப் அது. அந்த ஆண்டு கான்பரன்ஸ் லீக் குழுக் கட்டம் வரை போனது. பரோயே கிளப்புகளில் அதுவே முதல் முறை.

வெளியூர்க் கோல் விதியை 2021இல் எடுத்தீர்கள். பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் ஒரே கோடையில் அது நடைமுறைக்கு வந்தது. நாங்கள் கேட்கும் முதல் திருத்தத்துக்கு அவ்வளவு நாள்கூட வேண்டாம். யூரோப்பா லீக் விதிநூலில், லீக் பாதை மூன்றாம் சுற்றில் தோற்றவர்களின் இடத்தைச் சொல்லும் பத்தியையும், சாம்பியன்கள் பாதை மூன்றாம் சுற்றில் தோற்றவர்களின் இடத்தைச் சொல்லும் பத்தியையும் மட்டும் திருத்தி எழுதினால் போதும். 2027 ஜூனில் முதல் சுற்றுக் குலுக்கல் நடப்பதற்கு முன் அது அச்சாகிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தகுதிச்சுற்றுகளை ஜூலையிலிருந்தே பார்க்கும் கால்பந்து அன்பர்கள்